பித்தளைத் தகட்டில் இருந்த எண்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. முன்னுக்குப் பின் எழுதியிருந்தாலும், எதையாவது மறந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பண்டார் பாருவுக்கு உள்ளே எங்கள் தோட்டத்தில் ஒரு நீராவி இஞ்சின் கிடக்கிறது. முன்பு ரப்பர் பால் ஏற்றிய தொட்டிகளை இழுத்தது. என் வீட்டுக்காரர் அதில் விறகு போட்டவர். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவோம். ஓட்டம் நின்ற பிறகு, அதில் இருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றிக் கோயிலில் முனியாண்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துலக்குவது என் வேலையாயிற்று. புளி, சாம்பல், தேங்காய் நார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இப்போது தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பழைய இஞ்சின்களில் ஒன்றை மட்டும் பழுதுபார்க்க அரசாங்கத்தில் பணம் கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்களுடையது ஒன்று, பெரிய ரயில் பாதையில் ஓடியது ஒன்று. கிடைக்காவிட்டால் எங்களுடையது பழைய இரும்புக்குப் போய்விடும்.

அது ஓடியதைப் பார்த்தவள் நான்தான் மிச்சம் என்று கோயில் தலைவர் என்னை அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆபீசுக்குக் காரில் கூட்டிப்போனார். தகட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

அங்கே ஒரு மலாய் அதிகாரியம்மா, எந்த இஞ்சின் என்று தெரிய வேண்டும், எண் வேண்டும் என்றார். தோட்டத்து ஆபீஸ் காகிதங்கள் எப்போதோ போய்விட்டன. துண்டைப் பிரித்தேன். தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. செதுக்கியிருந்த எண் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

"அழகா இருக்கு, மக்சிக்" என்று, அத்தை என்று கூப்பிடுவது போல, அந்த அம்மா மலாயில் சொன்னார். அதில் அவர் முகம் தெரிந்தது.

தலைவர் என் காதருகே குனிந்தார். "என்னாக்கா இது, தேச்சுத் தேச்சு நம்பரையே தின்னுட்டீங்களே!"

"சுத்தமா இருக்கணும்னுதானே தம்பி…"

"சரி, ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுங்க-லா. வாரா வாரம் லாட்டரிக்கு நாலு நம்பர் எடுக்கத் தெரியுதுல்ல?"

மூன்று என்று வாயில் வந்தது. எட்டாகவும் இருக்கலாம். கை தகட்டின் மேல் இருந்தது. முனியாண்டி பக்கத்தில் இருந்த தகடு. தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டு, அன்பாகத்தான், தேநீர் குடிக்கச் சொன்னார். பணம் பெரிய இஞ்சினுக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் தலைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். குருண் தாண்டியதும், "இன்னும் தேய்ப்பீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை புளி ஊற வைத்தேன். பிறகு கொட்டிவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் இரும்புக்காரர் லாரியோடு வருகிறாராம். எங்கள் இஞ்சினுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. யாரிடமாவது அந்தப் படம் இருந்தால், லாரி வருவதற்குள் தகட்டில் எண் மூன்றா எட்டா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.