மூன்று வாசல் சிப்பும் இரண்டு சம்பந்திகளும்

போன ஞாயிற்றுக்கிழமை என் தலையில் இரண்டு வீக்கங்கள் வந்தன. ஒன்றை என் சம்பந்தி கொடுத்தார். இன்னொன்றை ஒரு மேசை கொடுத்தது.

பதற வேண்டாம். சண்டை எதுவும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்து, ஆளுக்கொரு தே தாரிக் டீ குடித்துவிட்டுப் போயிருப்போம். இது மரியாதையால் வந்த வீக்கம். அந்த மரியாதை மூன்று வாரம் நீடித்தது.

கதை இதுதான். என் மகள் யாழினியை அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் கணேசன் அண்ணனின் மகன் தினேஷுக்குப் பேசி முடித்திருக்கிறோம். ‘பேசி முடித்திருக்கிறோம்’ என்பது பெருமைக்குச் சொல்வது. அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். பெரியவர்களுக்கு என்று மிச்சம் வைத்த வேலை ஒன்றே ஒன்று. கல்யாணத் தேதி.

அதிலும் பாதியைக் கோயில் ஐயரே முடித்துவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்துக் கொடுத்தார். ஒன்று தைப்பூசத்துக்கு முந்தியது. மற்றது பூசத்துக்குப் பிந்தியது. பினாங்கில் எங்கள் டத்தோ கிராமாட் பக்கத்தில் மண்டபம் பார்த்துக்கொள்ளும் அக்கா இரண்டு நாளையுமே எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

“ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான்லா அண்ணே. அதுக்கு மேல கேட்டா ரெண்டுமே இருக்காது. இப்பவே நாலு குடும்பம் வரிசையில நிக்குது.”

மண்டபம் போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தோம். அந்த மாதம் முழுக்கப் பினாங்கில் கல்யாணமாம். மார்ச்சில் தினேஷை அவன் கம்பெனி ஒரு வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. அதற்குள் கல்யாணம் முடிந்தால் யாழினியும் கூடப் போவாள். முடியாவிட்டால் ஒரு வருஷம் கைப்பேசித் திரையில்தான் குடும்பம்.

ஆக, வேலை என்ன? இரண்டு ஞாயிற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நொடி வேலை. அதற்கு மூன்று வாரம் எப்படி ஆனது?

“மாப்பிள்ள வீடு... நீங்க சொல்லுங்க” என்பேன் நான்.

“ஐயோ, பொண்ணு வீடு நீங்க இருக்கும்போது நான் சொல்றதா? நீங்க சொல்லுங்க” என்பார் கணேசன் அண்ணன்.

போனை வைப்போம். மறுநாள் மறுபடி இதே வசனம். நடுவில் ஒரு தடவை தினேஷ், “மாமா, வந்து...” என்று ஆரம்பித்தான். “பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல” என்று அவன் அப்பா அடக்கினார். யாழினி ஒரு தடவை வாயைத் திறந்தாள். அவளை நான் அடக்கினேன். மரியாதையில் நான் மட்டும் குறைந்து போவதா?

கடைசி ஞாயிறும் வந்தது. நாலு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. கணேசன் அண்ணனும் தினேஷும் ஃபெர்ரியில் வந்துவிட்டார்கள். நான், என் மனைவி மல்லிகா, யாழினி. கடையின் ஏர்கோன் அறைக்கு ஒற்றைக் கண்ணாடிக் கதவு.

“நீங்க போங்க சம்பந்தி.”

“சே சே, நீங்க போங்க.”

இருவரும் நின்றோம். இருவரும் யோசித்தோம். ‘சரி, இவ்வளவு சொல்கிறாரே’ என்று இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம்.

டொக்.

இது முதல் வீக்கம்.

கல்லாவிலிருந்து கடைக்காரர் சொன்னார்: “அண்ணே, ஏர்கோன் காத்தெல்லாம் ரோட்டுக்குப் போவுது. யாராச்சும் ஒருத்தர் உள்ள போங்க. ரெண்டு பேரும் பெரிய மனுசங்கதான், நான் எழுதித் தர்றேன்.”

உட்கார்ந்தோம். தே வந்தது. மற்றவர்களுக்குப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் வந்தது. எனக்கு வரவில்லை. கல்யாண ஜிப்பாவின் பட்டன்கள் எட்டும்வரை எனக்கு ரொட்டி கிடையாது என்பது மல்லிகாவின் சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தேதிப் பேச்சை யார் எடுப்பது என்று நானும் கணேசன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தோம். தப்பிக்க அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

“ஏம்மா யாழினி, நீ பாயான் லெப்பாஸ்ல என்னா வேலதான் செய்றே? இவன் ரெண்டு தடவ சொன்னான். எனக்கு வெளங்கல.”

நானும் காதைத் தீட்டினேன். அவள் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. யார் கேட்டாலும் “கம்ப்யூட்டர்ல என்னமோ” என்றுதான் நான் சொல்லி வருகிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கும் மின்சாரத்துக்கும் எப்போதுமே ஆகாது.

“சிப்பு மாமா. கேபிள்ல வேகமா வர்ற சிக்னல வாங்கி அனுப்புற சிப்பு. அது ஒழுங்கா வேல செய்யுதான்னு சோதிச்சுப் பாக்குறேன். ஃபேக்டரில பொருள் சரியா இருக்கான்னு பாக்குற கேமரா இருக்குல்ல, அந்த மாதிரி மெஷினுக்குள்ள இருக்கும்.”

பெரியவர்கள் எங்கள் மூவரின் தே கிளாஸ்களையும் இழுத்து வரிசையாக வைத்தாள். நடுவில் கரண்டிகளைப் பாலம்போலப் போட்டாள்.

“கிளாஸ்தான் சிப்பு. கரண்டிதான் கேபிள். ஒவ்வொரு சிப்புக்கும் மூணு போர்ட். மூணு வாசல் மாதிரி. ஒரு வாசல்ல சேதி வந்தா, மத்த ரெண்டு வாசல் வழியாவும் அனுப்பிடும்.”

“போஸ்ட்மேன் மாதிரி” என்றார் கணேசன் அண்ணன்.

“அதவிட மேல மாமா. கேபிள்ல ஓடி வந்த சிக்னல் களைச்சுப் போயிருக்கும். மங்கலா, முன்ன பின்ன வரும். சிப்பு அத தன் கடிகாரத்துக்கு அடுக்கி, புதுசு மாதிரி அனுப்பும். சேதில ஒரு எழுத்து மாறாது.”

“அப்ப உங்கப்பா அந்த வேலைக்கு ஆக மாட்டாரு” என்றாள் மல்லிகா. “கருவேப்பில வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா கருவாட்டோட வர்றவரு.”

உண்மைதான். நான் வாங்கும் வாசலிலேயே பழுது.

“இன்னொண்ணு கேளுங்க. நடுவுல இருக்குற கேமராவ அணைச்சு வச்சாக்கூட, சிப்பு கேபிள்லயே கரண்ட் எடுத்துக்கிட்டு சேதியக் கடத்திட்டே இருக்கும். தன் வீட்டுக்காரன் தூங்குறான்னு அடுத்த வீட்டுக்குப் போற சேதிய நிறுத்தாது.”

நான் தூங்கும்போது எதையும் கடத்துவதில்லை. விழித்திருக்கும்போதும் அப்படித்தான்.

கணேசன் அண்ணனுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்தார். “சரி, இதுல யாரு மொதல்ல பேசுறதுன்னு யாரு சொல்றது?”

யாழினி ஒரு விநாடி எங்கள் இருவரையும் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

“அங்கதான் மாமா விஷயமே. புதுசா ஒருத்தர இணைச்சா, எல்லா சிப்பும் பழசு மொத்தத்தையும் மறந்துடும். யாரு பெரியவர், யாரு சின்னவர்னு முதல்லேர்ந்து பாக்கும். ஓரத்துல இருக்குறவருக்கு ஒரே ஒரு கேபிள்தானே? அவர் பக்கத்துல இருக்குறவர்கிட்ட ‘நீங்கதான் எனக்குப் பெரியவர்’னு சொல்லிடுவார். இந்தப் பக்க ஓரமும் சொல்லும், அந்தப் பக்க ஓரமும் சொல்லும். யார எல்லா வாசல்லயும் ‘பெரியவர்’னு சொல்லிட்டாங்களோ, அவர்தான் பெரியவர்.”

நடுக் கிளாஸைத் தட்டினாள். அது என்னுடையது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“பெரியவர்னா அதிகாரமா?” என்று கேட்டேன்.

“அதுதான் இல்லப்பா. என்ன பேசணும்னு அவர் முடிவு பண்ண மாட்டார். பேசணும்னு யாரு கேக்குறாங்களோ, அவங்களுக்கு முறை குடுப்பார். ஒருத்தரே பேசிட்டிருக்க முடியாது. காத்திருந்த எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு வந்தப்புறம்தான் முதல்ல பேசினவருக்கு மறுபடி.”

நம் சங்கக் கூட்டங்களில் இந்த சிப்பை வைத்தால் எத்தனை பேர் பதவி விலகுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் யாழினி மல்லிகாவின் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள். மேசை நடுவில் இரண்டே கிளாஸ். என்னுடையது, சம்பந்தியுடையது. இடையில் ஒரு கரண்டி.

“இப்ப ரெண்டே பேர். ரெண்டு பேருமே ஓரம். இவர் அவர்கிட்ட ‘நீங்கதான் பெரியவர்’ங்கிறார். அவர் இவர்கிட்ட, அதே நேரத்துல, ‘நீங்கதான் பெரியவர்’ங்கிறார். அப்ப என்ன ஆகும்?”

நானும் கணேசன் அண்ணனும் அவரவர் நெற்றியைத் தடவிக்கொண்டோம்.

“ஒண்ணும் ஆகாது” என்றாள் அவளே. “ஒரு சேதியும் போகாது. மொத்த கேபிளும் சும்மா கெடக்கும்.”

மல்லிகா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். நாலு முப்பத்தெட்டு.

“அப்ப சிப்பு என்னாதான் செய்யும்?” கணேசன் அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

“ரெண்டும் ஒரு அடி பின்னால போகும். ஒவ்வொண்ணும் தனக்குள்ள காசு சுண்டிப் பாக்கும். ஒரு பக்கம் விழுந்தா கொஞ்ச நேரம் காத்திருக்கும். இன்னொரு பக்கம் விழுந்தா ரொம்ப நேரம். காத்திருந்து முடிச்சவர் எதிராளியப் பாப்பார். அவர் இன்னும் சொல்லலயா? இவர் ‘நீங்கதான் பெரியவர்’னு சொல்லிடுவார். அவர் ஏற்கெனவே சொல்லிட்டாரா? அப்ப மறு பேச்சு இல்ல, இவர் ஒத்துக்கணும்.”

“அப்படீன்னா லேட்டா வர்றவன்தான் பெரியவனா?”

“ஆமாப்பா.”

வாழ்நாள் முழுக்கத் தாமதமாக வந்ததற்கு எனக்கு இவ்வளவு பெரிய மரியாதை காத்திருந்தது தெரியாமல் போயிற்றே.

“சுண்டிருவோம் சம்பந்தி” என்றார் கணேசன் அண்ணன். ஆளுக்கொரு பத்துக் காசு எடுத்தோம். பூவா தலையா என்று கேட்க முடியாது, நம் காசில் தலை ஏது? ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் எண். பூ விழுந்தால் ஒரு வாய் தே குடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். எண் விழுந்தால் முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு.

சுண்டினோம். எனக்குப் பூ. ஒரு வாய் குடித்தேன்.

“நீங்கதான் பெரியவர்.”

“நீங்கதான் பெரியவர்.”

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அவருக்கும் பூ.

தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். யாழினிக்குச் சிரிப்பு. “சரியாத்தான் செய்றீங்க. சிப்புக்கும் இப்படி ஆகும். திரும்பவும் சுண்டணும்.”

திரும்பச் சுண்டினேன். மின்சாரம் மாதிரியே காசும் எனக்கு அடங்காது. மேசை விளிம்பில் பட்டு உருண்டு கீழே ஓடியது. குனிந்தேன். காணவில்லை. மண்டியிட்டு மேசைக்கடியில் புகுந்தேன். அங்கே ஒரு பாட்டில் மூடி கிடந்தது. சம்பந்தியின் செருப்பு கிடந்தது. காசு மட்டும் இல்லை.

அப்போது மேலேயிருந்து, ஒரு வாய் தே குடித்த தெம்போடு, அந்தக் குரல் கேட்டது.

“சம்பந்தி, நீங்கதான் பெரியவர்.”

துள்ளி எழுந்தேன். டங்.

இது இரண்டாவது வீக்கம். மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தபோது பதவியேற்றுக்கொண்ட ஒரே பெரியவர் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். நாலு ஐம்பத்தொன்று. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக நான் ‘நீங்க சொல்லுங்க’ என்று சொன்னாலும், எனக்குள் ஒரு தேதி இருந்தது. பூசத்துக்கு முந்தின ஞாயிறு. ஏன்? கல்யாணம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் எனக்கு ரொட்டி சானாய். அவ்வளவுதான் காரணம். ஒரு மகளின் கல்யாணத் தேதியை ஒரு தகப்பன் இப்படியா யோசிப்பான் என்று கேட்காதீர்கள். பசியோடு இருக்கிற தகப்பன் இப்படித்தான் யோசிப்பான்.

‘முந்தின’ என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்போது எதிரே தினேஷைப் பார்த்தேன். அவன் வாய் பாதி திறந்திருந்தது. மூன்று வாரமாக அது அப்படியேதான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் யாழினி, எந்தக் கிளாஸுக்கும் போடாத ஒரு கரண்டியைக் கையில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

பெரியவரின் வேலை என்ன என்று சொன்னாள்? பேசக் கேட்பவர்களுக்கு முறை கொடுப்பது.

“தினேஷ், நீ சொல்லுப்பா. எந்த ஞாயிறு?”

“பிந்தினது” என்றான் தினேஷ்.

“பிந்தினது” என்றாள் யாழினி.

இதுவும் இரண்டு குரல் ஒன்றாக. ஆனால் இது முட்டிக்கொள்ளவில்லை.

“பூசத்துக்கு நான் காவடி எடுக்கிறேன் மாமா” என்றான் தினேஷ். “நேந்துகிட்டேன். நாப்பத்தெட்டு நாள் விரதம். முந்தின ஞாயிறு ஆகவே ஆகாது.”

கணேசன் அண்ணன் திரும்பினார். “எப்ப நேந்துகிட்டே? எனக்குத் தெரியாதே.”

“யாழினிய கட்டிக்க நீங்க சரின்னு சொல்லணும்னுதான் நேந்துகிட்டேன். அத உங்ககிட்டயே எப்படிப்பா சொல்றது?”

கணேசன் அண்ணன் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். “நான் மொத நாளே சரின்னுதானடா சொன்னேன்.”

“ஆமா. சாமி வேகமா செஞ்சிட்டாரு. அதனால கண்டிப்பா எடுக்கணும்.”

மேசையே சிரித்தது. கணேசன் அண்ணன் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தே ரொம்பச் சூடு என்றார். அது ஆறி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

நான் மட்டும் ரொட்டிக்கு ஆசைப்பட்டு வாயைத் திறந்திருந்தால்? காவடி எடுக்க வேண்டிய பையனை விரதத்தின் நடுவில் மணவறையில் உட்கார வைத்திருப்பேன். அல்லது மண்டபம் போய், மகளை ஒரு வருஷம் திரையில் குடும்பம் நடத்த விட்டிருப்பேன். பதில் தெரிந்த இரண்டு பேரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பதில் தெரியாத இரண்டு பேர் மூன்று வாரம் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மல்லிகா மண்டபத்து அக்காவை அழைத்தாள். “பிந்தின ஞாயிறுதான் அக்கா, உறுதி” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்களுக்கும் கேட்டது: “நாலு நிமிசம் இருக்குலா. வரிசையில நிக்கிறவங்களுக்குப் போன் போட எடுத்துட்டேன்.”

கணேசன் அண்ணன் தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். மல்லிகா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். அவ்வளவு அக்கறையாக ரோட்டைப் பார்த்து அவளை நான் கண்டதே இல்லை.

எழுந்தோம். கதவருகே போனோம். கணேசன் அண்ணன் நின்றார். கையை நீட்டினார்.

“நீங்க போங்க சம்பந்தி.”

நான் நின்றேன். “சே சே...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, பத்துக் காசுக்காகப் பைக்குள் கையை விட்டேன்.

அது இன்னும் மேசைக்கடியில்தான் கிடக்கிறது.