தக்காளி இலை வாசம்

காய்ச்சல் விட்ட பிறகும் தையல்காரம்மாவுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. மல்லிகையே வெறும் வெள்ளைப் பூவாகிப் போனதும், மொட்டை மாடித் தோட்டத்துக்கு ஏறுவதை விட்டுவிட்டாள். புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத கணவர்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். இறங்கி வரும்போதெல்லாம் ஓர் இலையைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டுவார். அவள் உதட்டைப் பிதுக்குவாள்.

அன்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: “தக்காளி இலையை எதுக்குப் பறிச்சீங்க?”

“கொத்தமல்லின்னுல்ல நெனச்சேன்” என்றவர் அப்புறம்தான் திடுக்கிட்டார். “ஏம்மா, வாசம் தெரியுதா உனக்கு?”

பச்சைக் கறை படிந்த அவர் விரல்களை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“இத்தனை நாளும் ஒரு செடியையும் வாட விடலையே நீங்க” என்றாள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு மாடியேறினாள்.