நான் எழும்பிப் போன சீற்

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதியிலை ஒரு கோடைக்காலம். டொராண்டோவிலை இருந்து சுவிஸிலை இருக்கிற பாசல் நகரத்துக்கு நாலு நாள் லீவிலை போயிருந்தன். என்னோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்ச சிநேகிதன் அங்கை இருந்தான். எனக்குக் கனடாப் பாஸ்போட் கிடைச்சு மூண்டு மாதம். அதை எங்கையாவது ஒருக்கா நீட்டிப் பார்க்கவேணும் எண்ட அவதிதான் பாதிப் பயணத்துக்குக் காரணம், ஒளிக்காமல் சொல்லுறன். பொக்கற்றை விட்டு அதை வெளியிலை வைக்கவே மாட்டன். நித்திரையிலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டுதான் படுப்பாய்போல எண்டு அவன் பகிடி பண்ணினான்.

அவன்ரை நிலைமை வேறை. அகதிக் கேஸ் ஏழு வருசமா இழுபட்டுக்கொண்டு கிடந்தது. அது சரிவந்தால்தான் யாழ்ப்பாணத்திலை இருக்கிற பெண்சாதியையும் மகளையும் கூப்பிடலாம். மகளைக் கைக்குழந்தையா விட்டிட்டு வந்தவன். முடிவு வருமட்டும் நாட்டை விட்டு ஒரு அடி வெளியிலை வைக்கப்படாது, வைச்சுப் பிடிபட்டால் கேஸ் அதோடை முடிஞ்சுது எண்டு அவன்ரை லோயர் சொல்லியிருந்தார். அவனும் ரெஸ்ரோறன்ற் குசினி, அறை, திரும்பக் குசினி எண்டு காலத்தைப் போக்கினான். ஏழு வருசம் இருந்த ஊரிலை ஒண்டும் பார்க்கேல்லை.

அதாலை, வந்த நான்தான் அவனுக்கு ஊர் காட்டினன். சிவப்புக் கல்லிலை கட்டின பெரிய தேவாலயம் பார்த்தம். ஆத்திலை ஒரு வள்ளம். இஞ்சின் இல்லை, மேலை கட்டின கம்பியைப் பிடிச்சுக்கொண்டு தண்ணி இழுக்கிற இழுவையிலையே அக்கரைக்குப் போகும். அதிலை ரண்டு தரம் போய் வந்தம். அந்தப் பயணத்திலை அவன் வாய்விட்டுச் சிரிச்சு அண்டைக்குத்தான் பார்த்தன்.

பேந்து எனக்கு ஒரு விசர் வந்தது. டொராண்டோவுக்கு வந்த புதுசிலை, வேலை இல்லாத நாளிலை, குவீன் வீதி ஸ்ரீட்காரிலை, அதுதான் அங்கத்தை ட்ராமிலை, ஏறிக் கடைசித் தரிப்பு மட்டும் போய் அதிலையே திரும்பி வருவன். ஒரு ஊர் பிடிபட அதைப்போல வழி இல்லை. இஞ்சையும் அப்பிடிப் போவம் எண்டு முன்னுக்கு வந்து நிண்ட ட்ராமிலை அவனை ஏத்தினன். அந்தப் பக்கம் தான் ஒருநாளும் போகேல்லை எண்டான். அதுக்குத்தானே போறம் எண்டன்.

வழி முழுக்க வயலும் செர்ரி மரமும். நான் படம் எடுத்துக்கொண்டு இருக்கேக்கை அவன் என்ரை கையை இறுக்கிப் பிடிச்சான். வெளியிலை ரோட்டுப் பலகையெல்லாம் பிரெஞ்சிலை. அந்த ட்ராம் போற வழியிலை ஒரு கிராமம் பிரான்சுக்குள்ளை கிடக்கு எண்டது எங்கள் ரண்டு பேருக்கும் தெரியாது. தரிப்பிலை யூனிஃபோம் போட்ட ரண்டு பேர் ஏறிச்சினம். முன்பக்கத்திலை இருந்து ஆக்களின்ரை பேப்பரைப் பார்த்துக்கொண்டு வந்திச்சினம்.

“நீ அங்காலை போ. என்னைத் தெரியாத மாதிரி இரு,” எண்டு மெல்லமாச் சொன்னான். நான் போய் மூண்டு சீற் தள்ளி இருந்தன். பொக்கற்றைத் தடவிப் பார்த்தன். பாஸ்போட் கிடந்தது.

அப்ப எதிர்ப்பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்கார மனுசி, அறுபது வயசு இருக்கும், எழும்பி வந்து நான் இருந்த சீற்றிலை இருந்தா. லீக்ஸ் தண்டு நீட்டிக்கொண்டு கிடந்த மரக்கறிக் கூடையைத் தூக்கி அவன்ரை மடியிலை வைச்சா. ஜேர்மன் பாசையிலை சத்தமா அவனைப் பேசத் தொடங்கினா. வந்தவை மனுசிக்கு வணக்கம் சொல்லி, அவனையும் கூடையையும் பார்த்திட்டு, தாண்டி வந்திச்சினம். என்னட்டைத்தான் பாஸ்போட் கேட்டவை. நீட்டினன்.

ட்ராம் திரும்பவும் சுவிஸுக்குள்ளை வந்து கடைசித் தரிப்பிலை நிண்டது. மனுசியும் அங்கைதான் இறங்கினா. என்ன சொன்னவ எண்டு அவனைக் கேட்டன். இண்டைக்கு வேலி முழுக்கத் திருத்தி முடிச்சிட்டுத்தான் போகவேணும், போனமுறை மாதிரி அரைகுறையா விடப்படாது எண்டு பேசினாவாம். இவன் எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டானாம். இறங்கின உடனை வேலி எங்கை, இப்பவே திருத்தித் தாறன் எண்டு உண்மையாவே கேட்டான். அப்பிடி ஒரு வேலியே இல்லையாம். அதே ட்ராமிலை திரும்பினால் பிரான்சாலைதான் போகவேணும் எண்டு, மலைப்பக்கத்தாலை அடுத்த ஊருக்கு நடந்துபோய் பஸ் எடுக்கிற வழியைக் காட்டினா. அவனுக்குக் கை குடுத்தா. எனக்குத் தலையை மட்டும் ஆட்டினா.

ஒண்டரை மணித்தியாலம் நடந்தம். பாதி வழியிலை அவனே சொன்னான்: “யோசியாதை. நான்தானே உன்னைப் போகச் சொன்னனான்.”

அடுத்த வருசம் அவன்ரை கேஸ் சரிவந்தது. பெண்சாதியும் மகளும் சுவிஸுக்கு அவனட்டை வந்திட்டினம். இப்பவும் ரெலிபோனிலை கதைப்பம். அந்த ட்ராமைப் பற்றி அவன் ஒருநாளும் கதை எடுக்கிறேல்லை.

நான்தான் டொராண்டோவிலை கனபேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறன். எல்லாரும் அந்த மனுசியைப் புகழுவினம். அவன் போகச் சொன்னான், நான் போனன் எண்டுதான் சொல்லுவன், ஒருத்தரும் அதிலை பிழை பிடிக்கிறேல்லை. உண்மை என்னெண்டால், அவன் வாயைத் திறக்க முதலே நான் எழும்பிட்டன். நான் எழும்பினதைக் கண்டபிறகுதான் அவன் போ எண்டான். மலையிலை நடக்கேக்கை அவன் சொன்னது எனக்காகச் சொன்ன பாதிப் பொய் எண்டது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருசமா நான் அதுக்குள்ளைதான் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறன்.