ஜைனம்பு அக்காவின் டிவியில் படம் வரவில்லை

1. கடை மானிட்டரில் வந்த படம்

லேப்டாப் சர்வீஸிலேயே தலை நரைத்தவள் நான். பர்மாவில் பசுந்தாங் பகுதியில் இருக்கும் கோ மணியின் கடைக்கு லினக்ஸ் வேலை எது வந்தாலும் அது என் மேஜைக்குத்தான் வரும். இங்கே மரியாதைக்கு ஆணின் பெயருக்கு முன்னால் 'கோ' என்றும் பெண்ணின் பெயருக்கு முன்னால் 'மா' என்றும் சேர்ப்போம். கஸ்டமர்களிடம் வாங்காத திட்டு இல்லை. அதெல்லாம் மறுநாளே மறந்துபோகும். ஆனால் எங்கள் கடையிலிருந்து ஒரு கஸ்டமருக்குச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜைனம்பு அக்கா வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு பர்மிய மொழியில் டைப் செய்து அனுப்ப வேண்டும். பார்வை ரொம்பக் குறைவு. லேப்டாப் திரையில் இருக்கும் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான். அதனால் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் லேப்டாப்பைச் செருகி, ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வைத்து வேலை பார்ப்பார். அந்த டிவியில் படம் வந்தால்தான் அவருக்குச் சம்பளம்.

பேட்டரி நிற்கவில்லை என்று லேப்டாப்பை எங்கள் கடையில் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க நான் இன்சீனில் ஓர் ஆபீஸ் வேலையில் இருந்தேன். கடையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் செருகினால் டிவியில் படம் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்தார். கடை மானிட்டரில் படம் வந்தது. "கேபிள்தான் போயிருக்கு. இதுலயும் தெரியலன்னா ஒங்க கண்ணுதான்" என்று புது கேபிள் ஒன்றை விற்று அனுப்பினார்கள். அதிலும் வரவில்லை. மறுபடி அவர் படியேறி வந்த அன்று நான் கடையில் இருந்தேன்.

கோ மணி நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. மானிட்டரைக் கையால் காட்டினார்.

"இந்தா, படம் வருதுல்ல? மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா."

"வீட்டுல வரலியே தம்பி. கறுப்பாத்தான் இருக்கு. மூலையில என்னமோ சின்னதா தெரியுது, அதுவும் வாசிக்க முடியல."

"தப்பா எடுத்துக்காதீங்க. படம் வந்திருக்கும். ஒங்க கண்ணுதான் முன்னவிட மோசமாயிருச்சு. டாக்டர்ட்ட காட்டுங்க."

ஜைனம்பு அக்கா சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை.

"அப்பிடியும் இருக்கும்" என்றார். "இன்னும் கொறயலாம்னு டாக்டரு முன்னமே சொன்னாரு. மாவ்பியில எந்தம்பி வீடு இருக்கு. வேலைய விட்டுட்டு அங்க போய் ஒண்டிக்க வேண்டியதுதான்."

அந்த அம்மா தனியாக பஸ் பிடித்து வருகிறார். சில்லறையைத் தடவாமல் எண்ணிக் கொடுக்கிறார். அவருக்கு ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் டிவி மட்டும் ஒரே நாளில் தெரியாமல் போய்விடுமா? பேட்டரி மாற்றிய அன்றைக்குப் பார்த்தா கண் கெட்டுப்போகும்? அறிவு என்று ஒன்று இருந்தால் யாராவது அப்படிச் சொல்வார்களா?

"அக்கா, லேப்டாப்ப எடுங்க. நானும் ஒங்க கூட வர்றேன்" என்றேன்.

"மா ராணி, இங்க வேலை குவிஞ்சு கெடக்கு" என்றார் கோ மணி.

"கெடக்கட்டும்" என்று செருப்பை மாட்டினேன்.

2. பெயரே இல்லாத போர்ட்

அக்காவின் வீடு மேல்மாடி. ஏறி முடிப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. டிவியைப் போட்டு லேப்டாப்பைச் செருகினேன். கறுப்பு. மூலையில் 'சிக்னல் இல்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. அக்கா சொன்னது அப்படியே அட்சரம் பிசகாமல் சரி.

கேபிளைப் பார்த்தேன். அது எச்டிஎம்ஐ கேபிள். கடை மேஜையில் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது டைப்-சி கேபிள். கடையில் அந்த லேப்டாப்பை வைத்து எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒருத்தன்கூடச் செருகிப் பார்க்கவில்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. கைக்கு எது எட்டியதோ அதைச் செருகி, படம் வருகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கமாண்டு அடிக்கும் டெர்மினலைத் திறந்து, லேப்டாப்புக்குத் தெரிகிற திரை போர்ட்களைப் பட்டியலிடும் xrandr-ஐ அடித்தேன். பட்டியலில் எச்டிஎம்ஐ என்ற பெயரே இல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெயர் இருந்து, பக்கத்தில் disconnected என்று வந்தால் கேபிளைச் சந்தேகப்படலாம், டிவியைச் சந்தேகப்படலாம். பெயரே இல்லை என்றால் நூறு கேபிள் வாங்கினாலும் படம் வராது. அந்தப் போர்ட்டுக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் கிராபிக்ஸ் சிப் எதுவோ, அந்தச் சிப்பே தூங்குகிறது என்று அர்த்தம்.

இந்த மாதிரி லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு இருக்கும். ஒன்று பிராசசரோடு ஒட்டிய சின்னது, கரண்ட் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இன்னொன்று தனி சிப், பேட்டரியை உறிஞ்சிவிடும். அக்காவின் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் சின்னதோடு சேர்ந்தது. எச்டிஎம்ஐ தனி சிப்போடு சேர்ந்தது. எல்லா மாடலும் இப்படி இருக்காது, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தச் சிப் வேலையில் இருக்கிறது என்று கேட்க, அடுத்து prime-select query அடித்தேன். தனி சிப்பை அணைத்து வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

யார் அணைத்தது என்று கேட்கவே வேண்டாம். மீ என்று நாங்கள் சொல்லும் கரண்ட் போனால் எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாத ஊர் இது. பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் கடைக்கு நல்ல பெயர். அதனால் பேட்டரி வேலைக்கு வரும் எல்லா லேப்டாப்பிலும் தனி சிப்பை அணைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார் கோ மணி. காசு வாங்குவதில்லை. கஸ்டமரிடம் சொல்வதும் இல்லை. நல்லதைத்தான் செய்கிறோம், அதற்கு எதற்குக் கேட்பது என்பது அவர் கட்சி.

தேவைப்படும்போது தனி சிப்பும் எழும்படி sudo prime-select on-demand என்று மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தேன். லேப்டாப் அணைந்து எழுந்தது. டிவி இருட்டாகவே இருந்தது.

"விடு தங்கச்சி" என்றார் ஜைனம்பு அக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணு போயிருச்சுன்னு நெனக்கிறேன்."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியல. மீ போயிருச்சுக்கா. ஃபேனப் பாருங்க, நிக்குது."

அக்கா அண்ணாந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேன் நிற்பதைப் பார்க்க முடிந்த பெண்மணி, தன் கண் போய்விட்டதாக நம்புகிறார். அந்த அளவுக்கு அவர் மனதில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

3. ஸ்பீக்கரில்

மீ வந்ததும் டிவியில் படமும் வந்தது. சுவர் அகலத்துக்கு டெஸ்க்டாப். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெயிலைத் திறந்தார். அனுப்பாத மெயில் ஒன்று கிடந்தது. புது கேபிளிலும் படம் வராமல் போனதும், கம்பெனிக்குத் திரையைப் பார்க்காமலே டைப் செய்து வைத்ததாம். பக்கத்து வீட்டுப் பெண் வேலை விட்டு வந்ததும் பிழை திருத்தி அனுப்பச் சொல்லலாம் என்று இருந்தாராம்.

அதன் முதல் வரியைப் பார்த்ததும் ஃபோனை எடுத்தேன். கோ மணிக்கு அடித்து வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

"படம் வந்துருச்சு. நீங்க தனி சிப்ப அணைச்சு வச்சிருந்தீங்க. எச்டிஎம்ஐ அதுலதான் இருக்கு."

"அட, அவ்ளோதானா? ஒரே ஒரு கமாண்டு. அதுக்கா கடைய விட்டுட்டு ஓடுன?"

"அக்காட்ட கண்ணு போச்சுன்னு சொன்னீங்களே!"

"சும்மா பெருசு பண்ணாத. அவங்களுக்கு கண்ணு சரியில்லதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜைனம்பு அக்கா ஃபோனைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, நான் ஜைனம்பு பேசுறேன். டிவியில எழுத்து வருது. வாசிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க."

மெயிலைப் பர்மிய மொழியில் வாசித்தார். நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், பார்க்காமல் அடித்ததில் விழுந்த பிழைகளையும் விடாமல் வாசித்தார். அதில் இருந்தது இதுதான்: என் பார்வை முற்றிலும் குறைந்துவிட்டது. இனி உங்கள் வேலையைச் செய்யும் தகுதி எனக்கு இல்லை. இத்தனை காலம் என்னை வைத்திருந்ததற்கு நன்றி. இந்த மாதத்தோடு என்னை விடுவித்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் கோ மணி நாற்காலியை விட்டு எழும் சத்தம் கேட்டது.

"கேக்குதா தம்பி? இத இன்னைக்குப் பொழுதுக்குள்ள அனுப்ப இருந்தேன்."

"அக்கா... நான்..." என்று இழுத்தார் அவர். அக்கா ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு மெயிலை அழித்தார். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, "நீ போயிட்டு வா தங்கச்சி. பதிவு நெறய சேந்து கெடக்கு" என்றார்.

இப்போது எங்கள் கடை மேஜையில் இரண்டு கேபிளும் தொங்குகின்றன. கேட்காமல் யாருடைய சிப்பையும் அணைப்பதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி தங்கைகளே, உங்களுக்குக் கோளாறு பிடிபடவில்லை என்றால் பிடிபடவில்லை என்று சொல்லுங்கள். கஸ்டமர் திட்டுவார், திட்டட்டும். அந்தத் திட்டுக்குப் பயந்து, மெஷினில் நீங்கள் தேடாத கோளாறை எதிரே நிற்கிற மனுஷியின் உடம்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அவர் உங்களை நம்பிவிடுவார்.