மாப்பிள்ளை வண்டிக்கு ஆயில் குழாய் மாற்றியது

காலையில் வாசல் கூட்டப் போனேன். நேற்று சம்பந்தி வீட்டார் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டிக் கிடந்தது. மகன் ஆசை ஆசையாகப் போட்ட வெள்ளை டைல்ஸ். சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்தும் போகவில்லை. மண்டியிட்டுக் குனிந்து மோந்து பார்த்தேன். அறுபதைத் தாண்டிய பொம்பளை தரையை மோந்து பார்த்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? மருமகள் ஓடிவந்து, "மாமி, தலை சுத்துதுங்களா?" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள். இல்லை கண்ணு, உங்க மாமா வாசம் அடிக்குது என்று அவளிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் (அல்லாஹ் அவருக்கு நல்ல பதவியைத் தரட்டும்) பனியன் கம்பெனியில் மிசின் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னித் தள்ளும் வட்ட மிசின்கள், எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பழசு. அதில் எது நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கம்பெனிக்குப் பின்னாலேயே ஓட்டு வீட்டு லைன் ஒன்று இருந்தது. வேலை இருக்கிறவரை வீடு, வேலை போனால் வீடும் போகும். அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எண்பதுகளின் கடைசியில், ஏற்றுமதி ஆர்டர் கொட்ட ஆரம்பித்திருந்த நேரம். புது மிசின்கள் வரப்போகின்றன, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் மிசின் விற்கிற கம்பெனிக்காரனே ஆள் அனுப்புவான், பழைய ஃபிட்டர்களுக்கு வேலை இருக்காது என்று ஒரு பேச்சு லைன் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட அந்தப் பேச்சு என் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. கம்பெனி வேன் முன்னால் இழுக்க, பின்னால் கயிற்றில் வந்தது. பச்சை நிறம், நீள மூக்கு, கூரை கிடையாது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். முதலாளியின் அண்ணன் வாலிபத்தில் பந்தயம் ஓட்டிய சீமை வண்டியாம். அந்த அண்ணன் இறந்து ரொம்ப நாளாயிற்று. இப்போது அவருடைய மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா வண்டியில்தான் வருவேன் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். வண்டி ஓடும், ஆனால் ஓடுகிற வழியெல்லாம் ஆயிலைக் கோலமாகப் போட்டுக்கொண்டே போகும். ஆயில் குழாய்கள் எல்லாம் வெடித்துப்போயிருந்தன.

"பாய், கம்பெனிக்குள்ள வெச்சுச் செய்யாதீங்க. அத்தனையும் வெள்ளைத் துணி. ஒரு சொட்டுப் பட்டாலும் லாட்டே ரிஜெக்ட் ஆயிரும். உங்கூட்டு முன்னாடி வெச்சுக்குங்க" என்றார் முதலாளி.

இவர் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மோட்டார் வண்டியை இவர் அதற்கு முன்னால் பிரித்ததே இல்லை. சைக்கிள் செயின் மாட்டுவார், அவ்வளவுதான்.

"ஏனுங்க, தெரியாத வேலைய ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"குழாய்னா குழாய்தான் புள்ள. மிசின்லயும் ஆயிலு ஓடுது, இதுலயும் ஓடுது. இத மட்டும் ஓட்டிக் காட்டிட்டம்னா மொதலாளி நம்மள உடமாட்டாரு."

"அப்பிடிச் சொன்னாருங்களா?"

"வாயத் தொறந்து சொல்லல. மனசுல இருக்கும்."

அந்த 'மனசுல இருக்கும்' மேல்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்யாணம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. "ரெண்டு பேருக்கு மேல ஏத்த முடியாதாட்ட. நல்ல வண்டி கண்ணு. ஒறம்பரைச் சனம் ஏறிக்கற தொந்தரவே இருக்காது. எங்கூட்டுக்காரருகிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றது. நான் சிரித்தேன். அந்த நாட்களில் நான் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு வீட்டிலேயே பிசிர் வெட்டுகிற வேலை. கம்பெனியில் கொடுக்கும் வெள்ளைப் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து அடுக்கித் தரவேண்டும். வாசலில் கறுப்பு ஆயில், உள்ளே வெள்ளை மூட்டை. மூட்டையை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். வாசலுக்குப் போய்வரும்போதெல்லாம் கையைப் புடவையில் துடைக்காமல், மோந்து பார்த்துவிட்டுத்தான் துணியைத் தொடுவேன். இந்த மோந்து பார்க்கிற புத்தி அன்று வந்ததுதான்.

அவர் பாடு அதைவிட மோசம். கையில் ஆயில் பிசுக்கு இருந்தால் தோலில் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளு கூடாது. ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. "இன்னிக்கு ஊட்டுலயே ஒருவாட்டி சேத்துத் தொழுதுக்கலாமில்லீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். "வேல நெலைக்கோணும்னு அல்லாகிட்டக் கேக்கறதுக்குத்தான் போறன். அழுக்குக் கையோட போயிக் கேக்கறதா?" என்றார்.

பழைய குழாயைக் கழற்றுவதற்கே உயிர் போயிற்று. புதுக் குழாய்க்கு உடுமலைப்பேட்டையில் ஒரு டிராக்டர் கடைக்குப் பஸ் ஏறிப் போய், அளவு சொல்லி வெட்டி, முனை அழுத்தி வாங்கி வந்தார். வந்து வைத்துப் பார்த்தால் திருகு மரை சேரவில்லை. சீமை வண்டிக்குச் சீமை மரை. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து கம்பெனிக்கு ஓடினார். பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிசினிலிருந்து பித்தளை இணைப்புகளைக் கழற்றி வந்தார். அதுவும் அதே சீமை மரை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறிற்று. "பாத்தியா புள்ள" என்று என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. படைத்த ரப்புக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நான் நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். மிசின் ஃபிட்டர் எந்தக் குழாயைக் கழற்றினாலும், கழற்றிய நொடியே அதன் வாயில் பனியன் துணியைத் திருகி அடைத்துவிடுவார். இல்லாவிட்டால் பஞ்சு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவி வந்தால் வாயைப் பொத்துவதுபோல் கை தானே செய்யும். இவரும் வண்டியில் அப்படியே செய்தார். வேஸ்ட் துணியைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் திருகி நான் கொடுத்தேன். மஞ்சள், நீலம், சாம்பல். ஒன்றே ஒன்று மருதாணி பிடித்த மாதிரி நல்ல சிவப்பு. குழாய் மாட்டும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போடுவார்.

அழைப்பு நாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். ஒரே உதறலில் ஓடிற்று. லைனில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கீழே குனிந்து பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. முன்னால் இருந்த வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் படுத்தே கிடந்தது. அதை விரலால் தட்டினார், எழவில்லை.

"அது என்னங்க?"

"ஆயிலு மீட்டரு. பழசு, செத்துப்போயிருக்கும்" என்று பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார்.

நான் துவைகல்லில் உட்கார்ந்து அந்த வேஸ்ட் துணிகளை அலசினேன். கிழிசல்தான், ஆனால் கரித்துணிக்கு ஆகுமே என்கிற கஞ்சப் புத்தி. மஞ்சள் வந்தது. நீலம் வந்தது. சாம்பல் வந்தது. சிவப்பு வரவில்லை. வாளியைக் கவிழ்த்தேன். வண்டி நின்ற மண்ணைக் காலால் கிளறினேன். அந்தச் சிவப்பை எந்த வாயில் அடைத்தார் என்று என் கண்ணிலேயே நின்றது: இஞ்சினுக்கு ஆயில் போகிற குழாயில். ஆயில் போகாமல் ஓடினால் இஞ்சின் தீய்ந்துவிடும். படுத்துக் கிடந்த முள்ளும் நினைவுக்கு வந்தது. குழந்தையைப் பாப்பாத்தி அக்கா மடியில் போட்டேன். "என்னாச்சு கண்ணு" என்று அது கேட்கும்போதே செருப்பில்லாமல் ஓடினேன். யா அல்லாஹ், அந்த வண்டி வழியிலேயே சும்மா நின்றிருக்கட்டும், பெட்ரோல் தீர்ந்து நின்றிருக்கட்டும் என்று ஓதிக்கொண்டே ஓடினேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை.

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றிருந்தது. தீய்ந்த வாடை தெருமுனைக்கே வந்துவிட்டது. அவர் சக்கரத்தில் சாய்ந்து குந்தியிருந்தார்.

"கடகடன்னு சத்தம் வந்துச்சு. நின்னுருச்சு புள்ள."

"ஏனுங்க, செகப்புத் துணி வரலீங்க."

என்னையே பார்த்தார். பிறகு எழுந்து ஸ்பேனரைப் போட்டு அந்த இணைப்பைக் கழற்றினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மிசின் ஊசியின் கொக்கியை உள்ளே விட்டு இழுத்தார். துணி வந்தது. முழுக்கக் கறுப்பு. பிரித்தபோது மடிப்புக்குள் மட்டும் சிவப்பு. இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. பேரிங் ஒட்டிவிட்டது. நடு ரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வெளியே அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். "எங்க போவோம் புள்ள?" என்றார்.

யாரோ போய்ச் சொல்லி முதலாளியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் பாதி அலங்காரத்தோடு நின்றான்.

"என்ன பாய் இது. ஊரையே கூப்பிட்டு வெச்சிருக்கறன். இப்ப வந்து அசிங்கப்படுத்தறீங்களே" என்றார் முதலாளி.

இவர் துணியை நீட்டினார். நடந்ததை அப்படியே சொன்னார்.

மாப்பிள்ளை அந்தத் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, கம்முனு இருங்க. அப்பா காலத்துலயே இது பாதி நாளு தள்ளித்தான் ஊடு வந்து சேரும். எங்கம்மாவே தள்ளியிருக்குது, வேணும்னா கேளுங்க. எப்பிடியும் மேளத்துக்குப் பின்னாடி நடக்கற வேகத்துலதான போகப்போறோம்? தள்ளுனாப் போச்சு. ஆனா பாய்தான் ஓட்டோணும்" என்றான்.

அப்படித்தான் நடந்தது. இவருக்கு யாரோ ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். முன்னால் மேளமும் வீடியோக்காரரும், பின்னால் கம்பெனி ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள, மாலை போட்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் செத்துப்போன வண்டியை ஓட்டினார். "இஞ்சின் என்ன பாய், பூனையாட்டம் சத்தமே இல்லாமப் போவுது" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். எல்லோரும் சிரிக்க, இவரும் சிரித்தாராம். "செத்த மய்யித்த மடியில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாப்புல இருந்துச்சு புள்ள" என்று பிறகு சொன்னார்.

கல்யாணம் முடிந்ததும் முதலாளியிடம் போய் நின்றார். வண்டியைக் கெடுத்ததற்கு வேலையை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி ஆச்சரியப்பட்டாராம். "வண்டிக்கும் வேலைக்கும் என்னங்க பாய் சம்பந்தம்? புது மிசினுக்கு ஆர்டர் போட்டு வருசமாகப் போவுது. பழைய ஃபிட்டருங்க யாருமே வேண்டாம்னு அப்பவே முடிவாயிருச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்த வண்டி பறந்திருந்தாலும் எங்கள் வேலை போயிருக்கும். பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆனால் அவர் கட்டவில்லை. மறுநாளும் அந்த வண்டியிடம் போனார். "வேல போயிருச்சு, இன்னும் எதுக்குங்க அது?" என்று அழுதேன். "அமானிதம் புள்ள, நம்பிக் குடுத்த பொருளு. நம்ம கைல ஓடுற வண்டியாத்தான் குடுத்தாங்க" என்றார். கோயம்புத்தூரில் ஒரு லேத்துக்குப் பஸ்ஸில் அலைந்து பேரிங்கைச் சரிசெய்து மாட்டினார். வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் வண்டி ஓடிற்று. முள் எழுந்து நின்றதாம். சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மூலனூரில் என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்கு மூட்டையோடு போய் இறங்கினோம். அங்கே கிணற்று மோட்டார் பார்த்து, மகனைப் படிக்கவைத்து, கடைசிவரை அதே ஆயில் கையோடுதான் போனார்.

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. ஐந்து மாடி நிற்கிறது. கம்பெனி இரண்டு பேர் கைமாறி, பெயரே வேறு. வண்டியை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப்போனதாகச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் படம் எடுக்க ஒப்பவே மாட்டார். மார்க்கத்தில் அவருக்கு அப்படி ஒரு பிடிமானம். ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரு சின்னப் படம்தான் வீட்டில் உண்டு. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு ஒருநாள் திடீரென்று உறைத்தது: அந்த ஊர்வலத்தை வீடியோ எடுத்தார்களே. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைய மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருந்தது. என்னை உட்காரவைத்து, காபி கொடுத்தார். வீடியோவைக் கேட்டேன். "கேசட்டெல்லாம் பூசணம் புடிச்சுப்போச்சுங்க அக்கா. ஊடு மாத்தறப்ப தூக்கிப் போட்டுட்டம்" என்றார். பிறகு, "அதுல பாய் நல்லாச் சிரிச்சிருப்பாருங்க" என்றார்.