சாத்தியதா, பூட்டியதா

தாங்கா நகரத்தின் பதினான்காம் தெருவில் சிகுஜுவாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்த ஊர்ப் பேச்சில் அந்தப் பெயருக்கு ‘எனக்குத் தெரியாமல் போயிற்று’ என்று பொருள். பெயர்தான் அப்படியே தவிர, தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பானை நகராது. எல்லாம் காதால் பிடித்த செய்தி. கற்றாழை நார் ஆலையில், இரைகிற இயந்திரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் நின்றவள். கூட நின்றவர்களில் பாதிப் பேர் செவிடாகிப் போனார்கள். தன் காது மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது என்பதில் அவளுக்கு அசாத்தியப் பெருமை. ஆலையில் உழைத்த காசில் கட்டிய வீடு ஒன்று, இந்தக் காது ஒன்று, இரண்டும்தான் தன் சொத்து என்பாள்.

வீடு அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போலத்தான். நடுவில் நீளமாக ஒரு நடைவழி, இருபுறமும் மூன்று மூன்று அறைகள், பின்னால் முற்றம், குழாய், அடுப்படி. ஓர் அறையில் அவள், மற்றவற்றில் குடித்தனக்காரர்கள். அவரவர் அறைக்கு அவரவர் தொங்குபூட்டு. வாசல் கதவுக்கு மட்டும் பூட்டு இல்லை. கட்டும்போது பதித்த பூட்டின் சாவி இரண்டாம் வருடமே தொலைந்துபோய், சாவித் துவாரத்தில் துணியை அடைத்துவிட்டாள். ராத்திரியில் மர உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தால் சரி. முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

விடிவதற்கு முன் உரலை நகர்த்திவிட்டுக் கிளம்புகிற முதல் ஆள் கோம்போ. ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை, வயது முப்பதுக்குள், வாய் அதிகம் பேசாது. இரண்டு கையாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவான். பின்னாலேயே சிகுஜுவா எழுந்து வந்து கதவைச் சாத்துவாள். தினமும் நடப்பது அதுதான்.

அன்று திங்கட்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து, விரும்பியவர்கள் மேலும் ஆறு நோன்பு பிடிக்கிற வாரம். சிகுஜுவாவுக்கு மூட்டு வலி, எழுந்திருக்க மனமில்லை. சைக்கிள் உருளும் சத்தம் கேட்டதும் படுத்தபடியே குரல் கொடுத்தாள், “உமெஃபுங்கா?” என்று. “நிமெஃபுங்கா, அல்ஹம்துலில்லாஹ்” என்று பதில் வந்தது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நம் தமிழில் கதவைச் சாத்துவது வேறு, பூட்டுவது வேறு. இவர்கள் பேச்சில் இரண்டும் ஃபுங்காதான். நிமெஃபுங்கா என்றால் சாத்தியாயிற்று, பூட்டியாயிற்று, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டே இல்லாத கதவுக்கு எப்படி எடுத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். காலையில் அவள் எழுந்து வந்தபோது கதவு சாத்தியும் இல்லை, பூட்டியும் இல்லை. ஆவென்று திறந்து கிடந்தது. நடைவழியில் எப்போதும் இருக்கும் அசுமினியின் தையல் மெஷினைக் காணவில்லை.

அசுமினி இரண்டாம் அறைக்காரி, தனிக்கட்டை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத்தான் சாப்பாடு. அவள் அழவில்லை. மெஷின் நின்ற இடத்தில், தரையில் பதிந்திருந்த நான்கு கால் தடங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் சிகுஜுவாவால் முடியவில்லை.

சாயங்காலம் கோம்போ வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கதவைச் சாத்தினேன் என்று தான் சொல்லவே இல்லை, எப்போதும் போலத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன் என்றான் அவன். சிகுஜுவாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் இரண்டு காதாலும் கேட்டதாகச் சொன்னாள். யார் காதைச் சந்தேகப்பட்டாலும் அந்தக் காதைச் சந்தேகப்பட அந்த வீட்டில் ஆள் கிடையாது. வாத்தியார் குடித்தனக்காரர் ஒருபடி மேலே போய், பொய் சொல்கிறவனுக்கும் திருடனுக்கும் ஏதோ உடன்பாடு இருக்கும் என்று ஜாடையாகப் பேசினார். கோம்போ திருதிருவென்று விழித்தான்.

மறுநாள் அவன் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டான். அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள் சிகுஜுவா. சொல்லிவிட்டு அறைக்குள் போனவளுக்கு ஏனோ சோறு இறங்கவில்லை. நான்கு வருடமாக இருக்கிறவன், இதுவரை ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை. அவன் சொல்வது உண்மை என்றால் தன் காது பொய். காது உண்மை என்றால் அவன் பொய். இரண்டில் எதையும் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அது ஒருபுறம் இருக்க, வாசலுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று எல்லோரும் பிடித்த பிடியில் நின்றார்கள். பூட்டு வராவிட்டால் அசுமினியும் காலி செய்வதாகச் சொன்னாள். சிகுஜுவா புதன்கிழமை போய்ப் பெரிய தொங்குபூட்டு ஒன்று வாங்கி வந்தாள். கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி அடித்தாகிவிட்டது. வியாழனன்று கோம்போவுக்கும் முன்பாகவே தொழுகைக்குக் கிளம்பிய வாத்தியார், பொறுப்பாக வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். வீடு மொத்தமும் உள்ளே அடைபட்டது. ரொட்டிக்கடை அடுப்புக்குப் போக வேண்டிய கோம்போ முற்றத்துச் சுவர் ஏறிக் குதித்ததில் முழங்கை சிராய்த்துக்கொண்டான். திருட்டுப் பயலுக்குச் சுவர் ஏற நன்றாகத் தெரிகிறது என்று யாரோ சொன்னதும் அவன் காதில் விழுந்தது.

சரி, வெளிப்பூட்டு வேண்டாம் என்று உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து ஆஸ்பத்திரி ஊழியர் திரும்பி வந்தார். கடைசி அறைக்காரர். வீட்டாரைக் கூப்பிடும் முறைப்படி “ஹோடி, ஹோடி” என்று அரை மணி நேரம் கத்தியும் ஒருவரும் எழுந்து வரவில்லை. பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தாராம். வாசலுக்கு அடுத்த அறையில் படுத்திருந்தவள் சிகுஜுவாதான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். மழை அன்று ஒரு தூறல்கூடப் போடவில்லை என்று அவர் சொன்னபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

திங்கட்கிழமை நண்பகலுக்கு, தொங்குபூட்டு வாங்கிய நூஹுவின் இரும்புச் சாமான் கடைக்கு மறுபடியும் போனாள். நூஹு பொறுமைசாலி. பூட்டு என்றதும் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை; வைத்தியர் போல விசாரிப்பார். கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா என்று கேட்டார். இடப்பக்கக் கீலா, வலப்பக்கக் கீலா? பலகை எத்தனை விரல் கனம்? உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் வெளியே வர வேண்டுமா? வெளியே இருப்பவர் எத்தனை பேருக்குச் சாவி? அவள் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கித் திறந்து காட்டிப் பார்த்தாள். இடது வலதெல்லாம் மாறிப்போயிற்று. தினம் திறக்கிற கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தனக்கே தெரியவில்லையே என்று வெட்கமாக வந்தது.

கடைசியில் நூஹு கேட்டார். “அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நானே எடுத்துத் தர்றேன். யாரு உள்ள வரக்கூடாதுன்னு பூட்டுறீங்க?”

“திருடன்தான். வேற யாரு?”

“திருடன் வெளியில இருக்கானா, வீட்டுக்குள்ளயா? வெளியிலன்னா ஒரு மாதிரி பூட்டு, உள்ளன்னா பூட்டே பிரயோஜனமில்ல.”

 அவளுக்கு அதுதானே தெரியவில்லை.

நூஹு ஒரு பெட்டியைப் பிரித்தார். இந்தப் பூட்டைக் கதவின் உள்பக்கம் திருகாணி போட்டு மாட்ட வேண்டும். கதவை இழுத்துச் சாத்தினாலே நாக்கு போய் மாட்டிக்கொள்ளும். தனியாகப் பூட்ட வேண்டியதில்லை. வெளியே இருந்து வரச் சாவி வேண்டும். உள்ளே இருப்பவர் குமிழைத் திருப்பினால் போதும், யாரும் அடைபட மாட்டார்கள். நம்ம பேச்சுக்கு இதுதான் ஏற்ற பூட்டு, சாத்தினாலும் பூட்டினாலும் ஒன்றுதான் என்று சிரித்தார். ஆளுக்கொரு சாவியாக ஆறு சாவி வெட்டித் தருவதாகவும் சொன்னார்.

சாவி வெட்டி முடிக்க நேரமாகிவிட்டது. பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், நூஹு கடையை மூடுகிற வேளை. சிகுஜுவா வெளியே வந்து, பூட்டுப் பொட்டலத்தைத் துணிப்பைக்குள் சரிசெய்துகொண்டு நின்றாள். பின்னால் கடையின் தகரக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்டது நினைவுக்கு வர, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“உமெஃபுங்கா?”

“இல்லம்மா. ஆறும் நேத்தோட முடிச்சிட்டேன். இன்னைக்கு மீனும் சோறும்தான்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கதவைப் பற்றிக் கேட்டால் இந்த மனிதர் மீனைப் பற்றிப் பேசுகிறாரே என்றுதான் திரும்பினாள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள். வாயைக் கட்டி நோன்பு இருப்பதற்கும் இவர்களுக்கு ஃபுங்காதானே. கடையை மூடியாயிற்றா என்று அவள் கேட்டாள். நோன்பா என்று கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். ஆறு நோன்பு வாரத்தில், விடிவதற்கு முன், படுக்கையிலிருந்து ஒரு கிழவி ‘உமெஃபுங்கா’ என்று கேட்டால், நோன்பு பிடித்திருக்கிற பிள்ளை என்ன சொல்லும்? ‘ஆமாம், இறைவனுக்குப் புகழ்’ என்றுதான் சொல்லும். கதவைச் சாத்தியதற்கு எவனாவது அல்ஹம்துலில்லாஹ் சொல்வானா? ஒரு வாரமாக அந்தச் சொல் அவள் காதுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அதை மட்டும் அவள் கேட்கவில்லை.

சில்லறையை வாங்காமலே நடந்தாள். மூட்டு வலித்தது. இவ்வளவு பெரிய பாவம் செய்துவிட்டோமே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தாள். தெருவில் இரண்டு பேர் சலாம் சொன்னதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

வாசலில் வாடகைத் தள்ளுவண்டி நின்றது, பக்கத்தில் வண்டிக்காரன். கோம்போ துணி மூட்டையையும் பாத்திரத்தையும் ஏற்றிவிட்டு, மெத்தையை மேலே சுருட்டி வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். அசுமினி கதவோரம் நின்றாள். வாத்தியாரும் ஆஸ்பத்திரி ஊழியரும், அவன் வேறு எதையும் எடுத்துக்கொண்டு போகாமல் காவல் பார்ப்பது போல நின்றார்கள்.

சிகுஜுவா மூச்சு வாங்க வண்டியருகில் வந்தாள். “கோம்போ, அன்னைக்கு நான் கேட்டது கதவை. நீ சொன்னது நோன்பை. அப்படித்தானே?”

அவன் கை நின்றது. “ஆமாம்மா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

அவன் குனிந்து கயிற்று முடிச்சை இறுக்கினான். அவள் மறுபடியும் கேட்டாள்.

“ரெண்டாம் நாளே புரிஞ்சிருச்சும்மா. அடுப்பு முன்னாடி நின்னு யோசிச்சுப் பார்த்தேன்.”

“அப்புறம் ஏண்டா சொல்லல? ஒரு வாரமா உன்னைத் திருடன்னு சொல்றாங்களே, வாயை மூடிக்கிட்டு இருந்தியே.”

கோம்போ மற்றவர்களை ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சொன்னா உங்க மேல விழும்மா. கதவுக்குப் பூட்டும் போடல, கேட்டதும் தப்பு, எழுந்து பார்க்கவும் இல்லன்னு எல்லாரும் உங்களைத்தான் கேப்பாங்க. என்னை நிக்க வெச்சுக் கேட்ட மாதிரி உங்களை நிக்க வெச்சுக் கேப்பாங்க. எனக்கு வேற ரூம் கிடைச்சிரும். உங்களுக்கு இதை விட்டா வேற வீடு ஏதும்மா?”

 அவன் குரலைத் தாழ்த்தியதுபோல் சிகுஜுவா தாழ்த்தவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள்: தன் காது முன்னைப் போல இல்லை, வெள்ளிக்கிழமை ஹோடியும் கேட்கவில்லை, முப்பது வருடம் பூட்டு வாங்காதது தன் தப்பு, பையன் மேல் எள்ளளவும் தப்பில்லை. அசுமினியிடம், மெஷினுக்கு வழி செய்ய வேண்டியது தன் பொறுப்பு என்றாள். வாத்தியார் தொண்டையைச் செருமிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அசுமினி வந்து, வண்டியில் இருந்த பாத்திரங்களில் ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

கோம்போ அசையவில்லை. இப்படிச் சொல்லிவிட்டார்களே என்று சங்கடமோ, இனி இங்கே இருப்பதா என்ற யோசனையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு இடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் காத்திருப்பார்கள் என்று முணுமுணுத்தான். வண்டிக்காரன் கைப்பிடியைத் தூக்கினான்.

சிகுஜுவா பூட்டுப் பையைத் தரையில் வைத்தாள். வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, தன் முழுக் கனத்தோடும் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இப்பத் தள்ளு பார்க்கலாம்” என்றாள்.

வண்டிக்காரன் ஒருமுறை தம் கட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைக் கீழே வைத்தான். கோம்போ பக்கத்தில் வந்து, அவள் உட்கார்ந்திருப்பது கயிற்றின் மேல் என்றும், கொஞ்சம் எழுந்தால் நல்லது என்றும் சொன்னான். அவிழ்க்க எழச் சொல்கிறானா, இறுக்கிக் கட்டவா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் முடிச்சைத் தளர்த்த ஆரம்பித்த பிறகுதான் எழுந்தாள்.