பெட்டிக்குள் போன மாயச் சேலை

எனக்கு எண்பத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என் பெயரை எழுதுவேன், அதோடு சரி. ஆனாலும் அச்சடித்த கதை ஒன்றை முடித்து வைத்தவள் நான்.

ஜலகண்டாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதிது. உலகச் சண்டைக் காலம், தறிக்கு நூல் கிடைப்பதே அரிது. சந்தையில் ஒரு படக்கதை விற்றார்கள், நான்கு பாகம். அதில் ஒருத்தி தன் மாயச் சேலையின் முந்தானையைத் தலையில் போட்டால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாளாம். பதுக்கல்காரன் கிடங்கில் புகுந்து, நூலை அள்ளி வந்து நெசவாளர் வாசலில் வைப்பாளாம். எங்களுக்கு இதைவிட என்ன கதை வேண்டும்?

"தார் சுத்தறப்பப் படிச்சுக்கங்க. ஆனா கதை உருப்படியா முடியோணும். இல்லீனா இனி எந்தப் பொஸ்தகமும் இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது" என்றார் மாமியார்.

"நல்லா முடியுமுங்க அத்தை" என்று நான் பொறுப்பேற்றேன்.

பள்ளிக்கூடம் போன என் நாத்தனார் படிப்பாள். நாங்கள் ராட்டையில் தறிக்கு வேண்டிய தார்க்குச்சியில் நூல் சுற்றுவோம். முதல் பாகம் அமர்க்களம். அக்கம்பக்கத்துப் பெண்களும் ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். மூன்றாம் பாகம் முழுக்க அவரை நினைத்து அவள் பெருமூச்சு விட்டாள். நான்காம் பாகத்தில் கல்யாணம். மாயச் சேலையைப் பெட்டியில் பூட்டி, சாவியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். பதுக்கல்காரன் வந்து மொய் வைத்தான்!

"அட கருமமே! அப்ப நூலு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மாமியார் என்னைப் பார்த்தார். இனி வாயை மூடிக்கொண்டு ராட்டை சுற்ற வேண்டியதுதானா? புத்தகத்தைப் பிடுங்கிப் பின்னட்டையைத் திருப்பினேன்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குதுங்க" என்று படிக்க ஆரம்பித்தேன்.

"புதுச்சேலை கட்டறதுக்கு முந்தி மூலையில மஞ்சள் வைப்பமில்ல? புருஷங்காரன் பெட்டியைத் தொறந்து பாத்தா, சேலையில மஞ்சளே இல்ல! ஒருத்தரும் கட்டாத சேலை. அப்ப மாயச் சேலை எங்க? அடுப்படிக்கு ஓடுனான், ஆளக் காணோம். 'கொழம்பு எறக்கி வெச்சிருக்கறனுங்க, போட்டுச் சாப்புடுங்க. கிடங்கு வரைக்கும் போயிட்டு வாரேன்'னு கொரல் மட்டும் வாசல் தாண்டிப் போகுது!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ராட்டைகள் நின்றுபோயின. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, கூந்தல் தைலத்து வெளம்பரத்துல இத்தன கதை இருக்குதா?"

அட்டையிலிருந்த தைலப் புட்டியை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"அடுத்த சந்தைக்கு வேற பொஸ்தகம் வாங்கியா. முடிவு சரியில்லீனா நீயே படி" என்றார்.

எழுதினது போதும் பேத்தி. எங்கே, ஒருமுறை படித்துக் காட்டு சாமி. உள்ளதை உள்ளபடி படி. என்னைப் போலப் பின்னட்டையைப் பார்த்துப் படித்துவிடாதே.